இந்த மோட்டாரைக் கட்டியது யார்?

பெரம்பலூர்
5.2.2025, புதன்

சுகன்யாவுக்கு,

என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். சரி. காகிதத்தை பிளாக் செய்ய இன்னும் யாரும் சாப்ட்வேர் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன். உன் அண்ணன் புதன்கிழமைதோறும் வேனில் காப்பர் கம்பியும் பேரிங்கும் ஏற்றிக்கொண்டு அரியலூர்ப் பக்கம் வருகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டியிருக்கிறேன். ஒட்டாவிட்டாலும் படிக்க மாட்டார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அறிவரசன் கரண்ட் பில்லைக்கூடப் படித்து நான் பார்த்ததில்லை.

என் மகள் சுவாதியின் காதுகுத்தில் நான் பேசியது தப்பு. விஷயம் தப்பில்லை, இடம் தப்பு. பந்தியில் அத்தனை சனம் உட்கார்ந்திருக்கும்போது, "எங்க நாத்தனா சாப்ட்வேர் விக்கிறாங்க, எட்டு மாசத்துல மூணே கடை, அதுலயும் ஒண்ணு மாமன் கடை" என்று சிரித்திருக்கக் கூடாது. நீ பாதி இலையில் எழுந்து போனாய். ஆறாம் வகுப்பிலிருந்து உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், அப்புறம்தான் உனக்கு அண்ணி. அந்த உரிமையில் வாய் நீண்டுவிட்டது.

இப்போது காரியம். சென்னைக் கம்பெனி திரும்பக் கூப்பிடுகிறதாம், ஏப்ரல் முப்பதுக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். உன் அண்ணன் சொன்னார். போவதும் இருப்பதும் உன் இஷ்டம். எனக்கு ஒரு கேள்விதான். மோட்டார் கரிந்தால், உள்ளே காப்பர் கம்பியைப் புதிதாகச் சுற்றிக் கட்டுகிற கடைக்கு வருகிறது. உன் சாப்ட்வேர் அதற்கு நம்பர் போட்டு வைக்கிறது, கட்டி முடிந்ததும் விவசாயிக்குத் தானே போன் செய்து ரெடி என்று சொல்கிறது. நல்ல வேலைதான். இதே மெக்கானிக்குகளுக்கு நான் ஒன்பது வருஷமாக பேரிங் விற்கிறேன், அவர்கள் உன்னை ஏன் சீண்டவில்லை? அதைவிட, அந்த மூன்று பேருக்கு உன்னைப் பற்றி யார் சொன்னது? இது தெரியாமல் எனக்கு மண்டை காய்கிறது. கோபம் இருந்தால் கோபத்தோடே எழுது.

மலர்கொடி


அரியலூர்
12.2.2025

அண்ணி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. போன வாரமே பதில் வாங்கிப் போக அண்ணன் வாசலில் நின்றார். வெறுங்கையோடு அனுப்பினேன். கேள்வி கேட்டுவிட்டீர்கள், பதில் சொல்லாமல் இருக்க எனக்கு வராது. அது உங்களுக்கும் தெரியும்.

பேஸ்புக்கில் ஒரு மாதம் விளம்பரம் கொடுத்தேன். இருநூற்றுப் பத்துப் பேர் கூப்பிட்டார்கள். நூற்று எண்பது பேர் வேலை இருக்கிறதா என்று கேட்டார்கள். மோட்டார் ரெடி என்ற பெயரைப் பார்த்து ஒருவர் இந்தியில் பைக் ரெடியா என்றார். மெக்கானிக் ஒருவர்கூட இல்லை. அப்புறம் வீடியோ போட்டேன். அதைப் பார்த்தவர்கள் என் பழைய ஆபீஸ்காரர்கள், எல்லாரும் கைதட்டினார்கள்.

மூன்று கடைகளில் ஒன்று மாமா கடை, நீங்கள் ஊரறியச் சொன்னதுதான். இன்னொருவர் என்னோடு பாலிடெக்னிக் படித்தவர், முகதாட்சண்யம். மூன்றாவது கீழப்பழுவூர் குழந்தைவேல். கார்த்திகை மாதத்தில் அவராகவே கூப்பிட்டார். யார் சொன்னது என்று கேட்டேன். "யாரோ சொன்னாங்கம்மா, ஞாபகம் இல்ல" என்றார்.

அடுத்து நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். கம்பிப் பெட்டிக்குள் ஒரு நோட்டீஸ் போடட்டுமா, கல்லாவில் ஒரு வார்த்தை சொல்லட்டுமா என்பீர்கள். வேண்டாம். உங்களிடம் சரக்கு எடுப்பவர்கள் உங்கள் முகத்துக்காக வாங்கி, ஒரு மாதத்தில் மூடி வைப்பார்கள். ஏப்ரல் முப்பதுக்குள் இருபது கடை, உங்கள் தயவில்லாமல் சேர வேண்டும். சேராவிட்டால் சென்னைக்குப் போய்விடுவேன். உங்கள் தயவில் வந்த கடை எதையும் எண்ணிக்கையில் சேர்க்க மாட்டேன்.

சுகன்யா


பெரம்பலூர்
19.2.2025

சுகன்யாவுக்கு,

அண்ணி அவர்களாம், தங்கள் கடிதமாம். பத்தாம் வகுப்பில் என் டிபன் பாக்ஸைத் திறந்து முட்டையை மட்டும் தின்று மூடி வைத்தவள் எழுதுகிற கடிதமா இது?

உன் நிபந்தனை சரி. கம்பிப் பெட்டியில் நோட்டீஸ் வராது. கல்லாவில் வாயைத் திறக்க மாட்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். எந்தக் கடையிலாவது காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிறாயா? நான் பையில் பேரிங் போட்டுக்கொண்டு பஸ் ஏறிய காலத்தில் ஒரு மாதம் ஒன்றுகூட விற்கவில்லை. விலை, கம்பெனி, கேரண்டி எல்லாம் சொல்வேன். தொண்டை வற்றியதுதான் மிச்சம். ஒருநாள் பஸ் வர நேரமானதால் ஒரு கடையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். வேறொரு வியாபாரி வந்தார். மெக்கானிக் அவர் பேச்சைக் கேட்கவே இல்லை. பேரிங்கைக் காதோரம் வைத்து விரலால் சுற்றினார். சத்தம் கேட்கிறார்! மறுநாளிலிருந்து நான் வாயை மூடிக்கொண்டு பேரிங்கைக் கையில் கொடுத்துவிட்டு நின்றேன்.

குழந்தைவேல் கடைக்குப் போ. லேப்டாப் வேண்டாம். கரிந்த மோட்டாரைப் பிரித்ததும் அவர் முதலில் என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுது. எல்லா மெக்கானிக்கும் அதையேதான் சொல்வார்கள். எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுமா?

மலர்கொடி


அரியலூர்
5.3.2025

அண்ணிக்கு,

போனேன். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள்.

முதல் நாள் மட்டும் அவருக்கு அறுபத்தொரு போன் வந்தது. நாற்பத்து நான்கு பேர் கேட்டது ஒன்றுதான்: "ரெடியா?" என் சாப்ட்வேர் இருக்கும்போதே இப்படி. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. "என்னண்ணே, போட்டு வைக்கலையா?" என்றேன்.

"போட்டேன்மா. நம்பரு சீட்டு நிக்க மாட்டேங்குதே."

அப்போதுதான் பார்த்தேன். நம்பரைக் காகிதத்தில் எழுதி டேப் போட்டு மோட்டாரில் ஒட்டுகிறார். வார்னிஷ் ஊற்றி அடுப்பில் சூடேற்றும்போது டேப் உரிந்து சீட்டு கருகிவிடுகிறது. எது யாருடையது என்று தெரியாமல் குத்துமதிப்பாக ஒரு நம்பரைத் தட்டுகிறார். போன மாதம் என் சாப்ட்வேர் தப்பான ஆளுக்கு ரெடி என்று சொல்லி, அவர் ஆட்டோ எடுத்துக்கொண்டு வந்து திட்டிவிட்டுப் போயிருக்கிறார். எட்டு மாதமாக நான் பட்டனுக்கு நிறம் மாற்றிக்கொண்டிருந்தேன்.

உங்கள் கேள்விக்குப் பதில். இரண்டு நாளில் ஒன்பது மோட்டார் பிரித்தார். ஒன்பது தடவையும் முதல் வார்த்தை, "எவன்யா இதக் கட்டினவன்?" அப்புறம்தான் ஸ்குரூடிரைவரைக் கீழே வைக்கிறார். ஏழாவது மோட்டார் அவரே இரண்டு வருஷம் முன்பு கட்டியது. மோட்டார்க்காரர் அதைச் சொன்னதும், குழந்தைவேல் கரிந்த கம்பியை நிமிண்டிப் பார்த்தார். பிறகு, "அன்னிக்கு வந்த கம்பி சரியில்ல" என்றார். உங்கள் கடைக் கம்பி.

சூடு தாங்குகிற அலுமினியத் தகடு அடிக்கப்போகிறேன், பேர்ப்பலகைக்கு அடிக்கிற மாதிரி. நம்பர் வெட்டி, கம்பியால் மோட்டாரில் கட்டிவிடலாம். பெரம்பலூரில்தான் அடித்துத் தருகிறார்களாம். மாதிரியை அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். அச்சகத்தில் கொடுத்தால் போதும், வேறொன்றும் செய்ய வேண்டாம்.

சுகன்யா


பெரம்பலூர்
12.3.2025

சுகன்யாவுக்கு,

வேறொன்று செய்துவிட்டேன். மறைக்கத் தெரியாது எனக்கு, சொல்லிவிடுகிறேன்.

உன் மாதிரியில் மேலே மூன்று வரி இங்கிலீஷ், நடுவில் போனில் ஸ்கேன் செய்கிற கட்டம். நாலு மாதம் போனால் கிரீஸ் பூசி அந்தக் கட்டம் எறும்புப் புற்று மாதிரி ஆகிவிடும். அச்சகக்காரரிடம் எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னேன். இப்போது இப்படி இருக்கிறது:

இந்த மோட்டாரைக் கட்டியது: ............
தேதி: ............  எண்: ............

அடியில் சின்ன எழுத்தில் மோட்டார் ரெடி என்று உன் சாப்ட்வேர் பெயர், உன் போன் நம்பர். அவ்வளவுதான். பேரை ஆணியால் கீறிக்கொள்ளலாம்.

உன் கடிதத்தைப் படித்ததும்தான் இது தோன்றியது. எவன்யா கட்டினவன் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். இத்தனை வருஷமாக அதற்குப் பதில் எந்த மோட்டாரிலும் இல்லை. எழுதி வைத்தால் என்ன ஆகும் என்று பார்க்க எனக்கு ஆசை. உன்னைக் கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பாய், அதனால் கேட்கவில்லை. ஐந்நூறு தகடு. உன் அண்ணனே குழந்தைவேல் கடையில் இறக்கிவிடுவார்.

மலர்கொடி


அரியலூர்
19.3.2025

மலர்கொடி,

நீ எப்போதும் இப்படித்தான். காதுகுத்தில் என்னைக் கேட்காமல் என் கதையைச் சொன்னாய். இப்போது என்னைக் கேட்காமல் என் தகட்டை மாற்றினாய். இது என் தொழில். தோற்றாலும் நான் தோற்க வேண்டும், உன் கை அதில் படக் கூடாது.

தகடுகளைத் திருப்பி அனுப்பலாம் என்று குழந்தைவேல் கடைக்குப் போனேன். அதற்குள் இருபத்தாறைக் கட்டிவிட்டார். ஆணியால் அழகாகப் பேர் கீறியிருக்கிறார், இனிஷியலோடு. மோட்டாரை ஒப்படைக்கும்போது சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவாரில்லையா, தகட்டுக்கும் சேர்த்து வைக்கிறார். கிணற்றுத் தண்ணீருக்குள் இறங்குகிற மோட்டாராக இருந்தால் தகட்டை மேலே சுவரில் இருக்கிற ஸ்டார்ட்டர் பெட்டியில் மாட்டச் சொல்லி அனுப்புகிறார். "உள்ள போனா எம் பேரு மீனுக்குத்தானே தெரியும்" என்றார்.

திருப்பிக் கொடுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. "பேரு போடற எடம் கொஞ்சம் பெருசா இருந்திருக்கலாம்மா" என்று வேறு சொன்னார்.

இனி கடிதம் எழுத வேண்டாம்.

சுகன்யா


அரியலூர்
9.4.2025

மலர்கொடி,

எழுத வேண்டாம் என்று சொன்னவள் நானே எழுதுகிறேன். ஒரு விஷயத்துக்கு உண்மையான பதில் வேண்டும்.

மார்ச் கடைசியில் ஜெயங்கொண்டத்திலிருந்து ஒரு மெக்கானிக் கூப்பிட்டார். "மோட்டார் ரெடிங்களா? எனக்கும் அந்தத் தகடு வேணுங்க." தகடு மட்டும் தர மாட்டேன், சாப்ட்வேரோடு சேர்த்துத்தான் என்றேன். சரி என்றார். இரண்டு நாள் கழித்து உடையார்பாளையம். அதற்கடுத்து செந்துறைப் பக்கம் ஐந்து பேர். நேற்று வாலிகண்டபுரம், அதுவும் உன் பெரம்பலூர்ப் பக்கம். இவர்களில் ஒருவர் கடை வாசலையும் நான் மிதித்ததில்லை. விளம்பரம் எதுவும் ஓடவில்லை. இப்போது பதினோரு கடை.

யார் சொன்னது என்று கேட்டால், "தகட்டுல நம்பரு இருந்துச்சு" என்கிறார்கள். அதுவரை தகடு கட்டியது குழந்தைவேல் ஒருவர்தான். கீழப்பழுவூர்த் தகடு ஜெயங்கொண்டத்தில் எப்படி முளைக்கும்? புதன்கிழமை வேனில் போயிருந்தால்தான் உண்டு.

நீ கொடுத்தாயா? சத்தியமாகச் சொல். கொடுத்திருந்தால் எட்டுக் கடையையும் எண்ணிக்கையிலிருந்து அடித்துவிட்டு இன்றைக்கே சென்னைக்கு எழுதிவிடுவேன்.

சுகன்யா


பெரம்பலூர்
16.4.2025

சுகன்யா,

சுவாதி மேல் சத்தியம், நான் ஒரு தகட்டையும் யாருக்கும் கொடுக்கவில்லை. உன் அண்ணனையும் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். "நா எதுக்குடி ஊருக்கெல்லாம் தகடு கட்டப்போறேன், எனக்கென்ன மந்திரவாதி வேலையா?" என்றார்.

உன்னைவிட எனக்கு அரிப்பு அதிகமாகிவிட்டது. நல்ல நேரமாக, சனிக்கிழமை வாலிகண்டபுரம் கருப்பண்ணன் கம்பி வாங்க வந்தார். உன் பேரை எடுக்காமல், "தகடு ஒண்ணு பாத்தீங்களாமே?" என்று மட்டும் கேட்டேன். பொரிந்துவிட்டார்.

"ஆமாக்கா. கீழப்பழுவூர்க்காரன் ஒருத்தன் மோட்டாரு. மச்சான் ஊர்ல பயிரு வாடக் கூடாதுன்னு இரவல் கொடுத்திருக்கான், லோ வோல்டேஜுல இங்க வந்து கரிஞ்சுபோச்சு. பிரிச்சதும் எவன்யா கட்டினவன்னு கேட்டுட்டுத் திரும்பறேன், கண்ணு முன்னால தொங்குது, கு. குழந்தைவேல்னு! தேதி போட்டு! எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. திட்டக்கூட முடியல. நாளைக்கு நா கட்டின மோட்டாரு அவங்கடைக்குப் போவும். அங்க என் பேரு தொங்க வேணாமா?"

புரிகிறதா? தகடு வேனில் போகவில்லை, மோட்டாரோடு போயிருக்கிறது. கோடை. கரண்ட் ஏறி இறங்குகிறது. கட்டின மோட்டார் மாதத்தில் மறுபடி கரிகிறது. குழந்தைவேல் கடையில் இடம் இல்லாவிட்டால் விவசாயி பக்கத்து ஊர்க் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறான். ஸ்டார்ட்டரில் தொங்குவதை வயலுக்கு வருகிற மெக்கானிக் எல்லாரும் பார்க்கிறார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. "மோட்டார்க்காரரு அதை ஏன் அவுத்துப் போடல?" என்றேன். கருப்பண்ணன் என்னை வினோதமாகப் பார்த்தார். "குங்குமம் வெச்சுக் கட்டியிருக்குக்கா. எவன் கைய வெப்பான்?"

இதை நானும் யோசிக்கவில்லை, நீயும் யோசிக்கவில்லை. குழந்தைவேலும் யோசித்திருக்க மாட்டார்.

மலர்


அரியலூர்
16.4.2025, மதியம்

மலர்,

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவர் கை கழுவுவதற்குள் எழுதுகிறேன். கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சந்தேகப்பட்டது என் தப்பு.

இன்றைக்குப் பதினைந்து கடை. ஒன்று மட்டும் இன்னும் விளங்கவில்லை. நீ முதல் கடிதத்தில் கேட்டதுதான். மற்றவர்களுக்குத் தகடு சொன்னது. தகடே இல்லாத காலத்தில் குழந்தைவேலுக்கு யார் சொன்னது? உன் கடைக்கு வருவார் அல்லவா, கேட்டுப் பார். அவர்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

சுகன்யா


பெரம்பலூர்
23.4.2025

சுகன்யா,

கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

திங்கட்கிழமை வந்தார். நான் கேட்டதும், "அக்கா, நீங்கதான்" என்றார்.

போன ஐப்பசியில் கடையில் கூட்டமாக இருந்ததாம். நான் கம்பி நிறுத்துக்கொண்டே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "எங்க நாத்தனா ஒண்ணு செஞ்சிருக்கா. மோட்டாரு ரெடியான்னு கேக்கறவனுக்குப் போனே பதில் சொல்லிடுமாம். அந்த நாலு வார்த்த பேசறதுக்குக்கூட மெஷினு வேணுமா? இதுக்கு ஒருத்தன் பணங் கொடுப்பானா?" என்று சொன்னேனாம். எல்லாரும் சிரித்தார்களாம். குழந்தைவேலும் சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியில் தனக்கு அன்றைக்கு வந்த போன்களை எண்ணிப் பார்த்திருக்கிறார். "சிரிச்சுட்டேன்க்கா, ஆனா எனக்கு வேணும்னு தோணிடுச்சு. உங்ககிட்ட நம்பர் கேக்க வெக்கமா இருந்துச்சு. வேற ஒருத்தர்கிட்ட வாங்கினேன். கேலிப் பேச்ச அந்தப் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் ஞாபகம் இல்லன்னுட்டேன்."

ஆக, காதுகுத்துக்கு முன்னாடியே நான் உன்னைப் பற்றி ஊர் முழுக்கச் சிரித்திருக்கிறேன். எத்தனை பேரிடம் என்று எனக்கே நினைவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் விட்டால் உன் எண்ணிக்கை நிற்கும், நம் சிநேகிதமும் நிற்கும். ஆனால் நீதான் கேட்டாய். நீ கேட்டதற்கு நான் பொய் சொல்லி வழக்கமில்லை.

என் தயவில் வந்த கடையைச் சேர்க்க மாட்டேன் என்றாய். குழந்தைவேலை எடுத்தால் அவர் தகட்டால் வந்தவர்களையும் எடுக்க வேண்டும். முடிவை நீ செய். நீ சென்னைக்குப் போகக் கூடாது என்பது என் ஆசை. அதை இதுவரை எழுதவில்லை, இப்போது எழுதிவிட்டேன்.

மலர்


அரியலூர்
30.4.2025

மலரு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தேன். அடுத்த நாள் கீழப்பழுவூர் போய் குழந்தைவேலிடம், நீ எப்படிச் சொன்னாய் என்று நடித்துக் காட்டச் சொன்னேன். உன்னை மாதிரியே உதட்டைச் சுழித்து, தராசைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அங்கேயே கோபம் போய்விட்டது. பேஸ்புக்கில் நான் கொட்டியதற்கு ஒரு மெக்கானிக் வரவில்லை. நீ கேலி செய்ததற்கு ஒருவர் வந்திருக்கிறார். விளம்பரத்தில் நான் எழுதியது சாப்ட்வேரைப் பற்றி. நீ சிரித்தது அவர் தினமும் படுகிற பாட்டைப் பற்றி.

நிபந்தனையை எடுத்துப் பார்த்தேன். உன் தயவில் வந்த கடை சேராது என்றுதான் எழுதியிருக்கிறேன். கேலி தயவில் சேராது. குழந்தைவேல் எண்ணிக்கையில் இருக்கிறார்.

ஆனால் இன்றைக்குப் பத்தொன்பதுதான். இருபது ஆகவில்லை. ஒன்று குறைகிறது.

காலையில் சென்னைக்கு எழுதிவிட்டேன், வரவில்லை என்று. நானே வைத்த கணக்கில் நானே தோற்றேன், தெரிந்துதான் எழுதினேன். அங்கே போனால் எனக்கு ஒரு விஷயம் தெரியாமலே போய்விடும்: அடுத்த தகடு எந்த ஊரில், எந்த ஸ்டார்ட்டரில் தொங்குகிறது, அதை எவர் படித்துக்கொண்டிருக்கிறார் என்பது. அதைத் தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியாது.

எழுதி அனுப்பிய பிறகு பதினோரு மணிக்கு ஒரு போன். விருத்தாசலம் தாண்டி ஏதோ ஒரு ஊர். பேரும் சொல்லவில்லை, வணக்கமும் சொல்லவில்லை.

"ஏம்மா, இதுல கு. குழந்தைவேல்னு போட்டிருக்கே, யாரும்மா அந்த ஆளு? என்னத்தக் கட்டியிருக்கான் இத, சே!"

கீழப்பழுவூர்க்காரர் என்றேன். மோட்டாரைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சரி, எனக்கும் இந்த மாதிரி ஒரு ஐம்பது வேணும். பேரு போடற எடம் மட்டும் இதவிடக் கொஞ்சம் பெருசா அடிச்சுக் கொடு."

இன்னும் சேரவில்லை, அதனால் இருபது என்று எழுத மாட்டேன். நாளைக்கு அவர் கடைக்குப் போய்ச் சாயங்காலம் வரை உட்காரப்போகிறேன். புதுத் தகட்டில் அந்த இடத்தைப் பெரிதாக்கி அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை நீ எதையாவது மாற்றுவதாக இருந்தால் என்னைக் கேள்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனாலும் புதன்கிழமை எழுது. போனில் நீ என்னைப் பேசவே விட மாட்டாய்.

சுகு